யானைக் காணியில் ஒரு கொட்டில்

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. கல்முனைத் தெருக்களில் நீங்கள் பார்க்கும் மாடிவீடுகள் எல்லாம் யாரோ ஒரு பெண்ணின் சீதனம். கலியாணத்தன்று மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு உள்ளே போவார். ஜனாஸாவாக நாலுபேர் தோளில் வெளியே வருவார். இடையில் அவருடைய வேலை பெயின்ட் அடிப்பதும் மதிலை உயர்த்துவதும். கந்தோரில் பைல்களோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற நானும் அதையே செய்தேன். கோபம் வந்தால் என் மனைவி "என்ட ஊட்டுல" என்றுதான் தொடங்குவாள். தப்பில்லை, அவளுடைய உம்மா அவளுக்குக் கொடுத்த வீடு.

ஓய்வுக்குப் பிறகு போனில் வீடியோ பார்க்கும் நோய் பிடித்தது. தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் காட்டுக்குள் தன்னந்தனியாக மரவீடு கட்டுகிறான். கரண்ட் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. தனியாகத்தான் இருக்கிறானாம், கேமராவை எவன் பிடித்தான் என்று மட்டும் சொல்லமாட்டான். சுத்த ஏமாற்றுக்காரன். ஆனாலும் ஒன்றுவிடாமல் பார்த்தேன்.

வரிப்பத்தான்சேனைக்கு அப்பால், வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், வாப்பா எனக்குத் தந்த மேட்டுக்காணி கிடந்தது. யானை வருமென்று யாரும் சீந்தாத காணி. அதில் ஒரு கொட்டில் போடுவதென்று முடிவெடுத்தேன். யாரையும் கேட்காமல் நான் திறந்து மூடுகிற ஒரு கதவு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

தச்சு வேலைக்கு வந்த ஓடாவியார் அளவெடுத்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்.

"மகளுக்கா?"

"எனக்கு."

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "அதுக்கென்ன, கதவு நிலைய கொஞ்சம் அகலமா வெப்பம். நாளைக்கு அல்மாரி கொண்டு வரக்குள்ள முட்டும்."

காட்டுக்குள் எந்த மடையன் அல்மாரி கொண்டுவருவான் என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு அகலமாகவே வைத்தார்.

உடைத்த வீடொன்றிலிருந்து வாங்கிய முதிரை மரத் தூண்கள், பலகைச் சுவர், தகரக் கூரை. கூரையில் விழும் மழைத்தண்ணீர் பீப்பாவுக்குள் போகும். சோலார் தட்டு ஒன்று, பல்பு ஒன்று. பலகைகளை நானே ஆணிவைத்து அறைந்தேன், கை கொப்பளித்தது. ஒருநாள் யானை வந்து பீப்பாவை உருட்டிவிட்டுப் போனது. வந்தவர்களில் புத்தி சொல்லாமல் போனது அது ஒன்றுதான்.

மற்றவர்கள், சொந்தக்காரரும் கூட்டாளிமாரும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு வான் பிடித்து வந்தார்கள். கொண்டுவந்த சோற்றைத் தின்றார்கள், படம் எடுத்தார்கள், போன் சார்ஜ் போட இடம் கேட்டார்கள், வெறும் பிளாஸ்டிக் சொப்பின் பைகளை மரத்தடியில் எறிந்துவிட்டுப் போனார்கள். "டைல்ஸ் பதிச்சா சோக்கா இரிக்கும் மச்சான்" என்றார் ஒருவர். இந்த மனுஷ இனத்துக்கு நிம்மதியாக ஒரு மண்தரை பொறுக்காது.

பிறகு மகளுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கட்டாரில் வேலை. நாங்கள் இருக்கும் வீடு மகளுக்குத்தான் என்பது அவள் பிறந்த அன்றே முடிந்த கதை. அதில் பேச ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். பேச வந்த மாப்பிள்ளையின் மாமா வட்டிலாப்பத்தை வழித்துத் தின்றுவிட்டு, விரலை நக்கியபடி கேட்டார்.

"காட்டுப் பக்கமா ஒரு ஊடு கட்டி வெச்சிரிக்கீங்களாமே. அதுவும் புள்ளைக்குத்தானே?"

அந்த மனிதர் அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அவர்களில் ஒருவரும் அங்கே ஒரு ராத்திரி தங்கப் போவதுமில்லை. ஆனால் பெண்ணைப் பெற்றவன் ஒருவன் தனக்கென்று நாலு பலகை அறைவான் என்பது அந்த மண்டைகளுக்குள் ஏறாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து மனைவி முந்திக்கொண்டாள். "ஓம், புள்ளைக்குத்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள் அறையில் மகள் மூச்சுவிடாமல் நின்றிருப்பாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, அது எனக்குத் தெரியும். இல்லை என்று நான் சொன்னால் அவளுடைய வாழ்க்கை ஒரு தகரக் கொட்டிலில் முட்டி நின்றுவிடும்.

"ஓம்" என்றேன்.

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில், காலையில் பஸ் பிடித்துக் காணிக்குப் போனேன். வாசலில் ஒரு வான் நின்றது. மருமகன் கூட்டாளிமாரோடு வந்து கோழி சுட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை நல்லவர், குறை சொல்ல முடியாது. என்னைக் கண்டதும் மரியாதையாக எழும்பி, துணியால் தட்டிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாங்க மாமா, இரிங்க. கூச்சப்படாதீங்க. எப்ப வேணுமெண்டாலும் வந்து நில்லுங்க, உங்கட ஊடு மாதிரி."

நான் கதிரையின் நுனியில் இருந்தேன். அவர் நீட்டிய கோழித்துண்டை வாங்கிக்கொண்டு, கூரையையும் சுவரையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன்.

"நல்ல இடம் மகன்" என்றேன்.