மேலே போகச் சம்மதம்

மருத்துவ மேற்படிப்புக்கான முதல் சுற்றுக் கலந்தாய்வில் எனக்கு ஃபேமிலி மெடிசின் கிடைத்தது. அன்று எங்கள் வீட்டில் யாரும் இனிப்பு வாங்கவில்லை.

"அது எம்.பி.பி.எஸ். படிச்சவங்க எல்லாரும் பாக்கறதுதானே கண்ணு?" என்றார் அம்மா.

சளியிலிருந்து பிரசவம் வரைக்கும், கைக்குழந்தையிலிருந்து படுக்கையில் கிடக்கும் பெரியவர் வரைக்கும் ஒரே டாக்டர் பார்ப்பதற்கான மூன்று வருடப் பயிற்சி என்று விளக்கினேன். சொல்லும்போதே என் குரலில் தெம்பில்லை என்பது எனக்கே தெரிந்தது. நான் ஆசைப்பட்டது ரேடியாலஜி. இரண்டு வருடம் அறைக்குள் அடைந்து படித்து, இரண்டு முறை நுழைவுத் தேர்வு எழுதியும் அந்த ரேங்க் வரவில்லை. இன்னொரு முறை எழுத மனசில் திராணி இல்லை.

அப்பா பாதுகாப்புத் துறை ஃபாக்டரியில் வேலை பார்க்கிறார். ஈரோட்டுப் பக்கமிருந்து இளவயதில் மலையேறி வந்தவர். குவாட்டர்ஸில் எதிர்வீட்டுக்காரரிடம், "பொண்ணு மேல்படிப்புக்குச் சேர்ந்துருச்சுங்க" என்று மட்டும் சொன்னார். எதில் என்று அவர் கேட்பதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

குன்னூரில் ஒரு தரும ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சேரும்போது ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டியிருந்தது: அடுத்த சுற்றில் மேலே போகச் சம்மதமா, இல்லையா? சம்மதம் என்று போட்டால், நாம் புதிதாகத் தரும் விருப்பப் பட்டியலில் இருந்து ஏதாவது கிடைத்த நொடியே பழைய இடம் தானாக ரத்தாகிவிடும். திரும்பி வர முடியாது.

கூடப் படித்த தோழி போனில் அவசரப்படுத்தினாள். "யோசிக்க என்னடி இருக்கு? டிக் போடு. கிடைச்சா லாபம், கிடைக்காட்டி இருக்கவே இருக்கு ஃபேமிலி மெடிசின்."

போட்டேன். பட்டியலில் ரேடியாலஜி, தோல், மயக்கவியல் என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் நாடு முழுக்க எங்கெங்கோ இருந்த, லேபில் ரத்தமும் திசுவும் பார்க்கும் பேதாலஜி இடங்களையும் சேர்த்தேன். பேதாலஜி எனக்குப் பிடிக்குமா என்று ஒரு நிமிஷம்கூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பட்டியலைப் பூட்டியாயிற்று. முடிவு வரப் பத்து பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

ஹாஸ்டலில் பெட்டியைப் பிரிக்கவில்லை. துவைத்த துணியையும் மடித்துத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். ஓ.பி.யில் ஒரு நோயாளி எழுந்து அடுத்தவர் உட்காருவதற்குள் போனைத் திறந்து பார்ப்பேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் இறங்கி, எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்ப ஏறி வருவேன். எங்கள் துறைத் தலைவி இதையெல்லாம் கவனித்திருப்பார்.

அப்படி ஒரு நாள் தேயிலை பறிக்கும் ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சர்க்கரை உண்டு. அசதி என்றார். அசதி என்றால் எப்படி என்று கேட்டேன். "அசதிதானுங்க" என்றார். வெளியே வரிசை நீண்டிருந்தது. அன்றைக்கு ஏனோ விடாமல் கேட்டேன். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு மெதுவாகச் சொன்னார். ஆறு மாதமாகச் சிறுநீர் போகும்போது எரிச்சல், கீழே அரிப்பு.

"மூணு டாக்டரைப் பாத்துட்டேனுங்க. எல்லாரும் ஆம்பளைங்க. பாதியத்தான் சொன்னேன்."

பிளாஸ்டிக் பையிலிருந்து சீட்டுகளை எடுத்தார். சர்க்கரைக்கு ஒருவர், சிறுநீருக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர். மேஜை மேல் மூன்றையும் தேதிப்படி அடுக்கினேன். சர்க்கரை டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதியிருந்தார், உடம்பிலிருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை. அது எழுதிய அடுத்த மாதம் எரிச்சல். அதற்கடுத்த மாதம் அரிப்பு.

"காட்டுல வேலை செய்யறப்ப தண்ணி குடிப்பீங்களா?"

"எங்கீங்க? அந்த மாத்திரை போட்டா அடிக்கடி ஒதுங்கணும். தேயிலைக் காட்டுல ஒதுங்க ஏதுங்க எடம்? காலையிலிருந்து சொட்டுத் தண்ணி குடிக்கறதில்லீங்க. சில நாள் மாத்திரையையே போடறதில்லை."

பரிசோதித்துவிட்டு, சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு தலைவியின் அறைக்கு ஓடினேன். பார்த்தார். "சர்க்கரை மாத்திரையை மாத்திடுங்க. இன்ஃபெக்‌ஷனுக்கும் குடுங்க. பத்து நாள்ல வரச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த அம்மா போன பிறகு போனைத் திறக்காமலேயே அடுத்தவரைக் கூப்பிட்டேன். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் இரண்டு வருடமாக என்னைக் குடைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே பட்டியலைத் திருத்த முடியுமா என்று இணையதளத்தைத் திறந்தேன். பூட்டியது பூட்டியதுதான்.

முடிவு வந்தபோது குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். வடக்கே ஒரு மெடிக்கல் காலேஜில் எம்.டி. பேதாலஜி. குன்னூர் இடம் ரத்து. மடியில் குழந்தையோடு இருந்த தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊசியில ஏதாச்சுங்களா டாக்டர்?" என்று பதறினார்.

வீட்டுக்குப் போனில் சொன்னேன். அப்பாவின் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. "எம்.டி. அம்மிணி! அதுவும் மெடிக்கல் காலேஜ்!" எதிர்வீட்டுக்காரரிடம் ஸ்கூட்டரை நிறுத்தி, ஊர்ப் பெயர் முதற்கொண்டு சொன்னாராம்.

இரண்டு நாள் கழித்து, விடுவிப்புக் கடிதம் வரும்வரை நான் ஓ.பி. பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்தார். எரிச்சல் நின்றிருந்தது. கூடவே கணவரையும் அழைத்து வந்திருந்தார். "இவருக்கு ஒரு மாசமா இருமலுங்க. எங்க ஊட்டுல இனிமே எல்லாருக்கும் நீங்கதானுங்க."

"நான் அடுத்த வாரம் இங்க இருக்க மாட்டேங்க" என்றேன்.

கோபமில்லை, புரியாமல்தான் கேட்டார். "அப்பறம் எதுக்குங்க அன்னைக்கு அத்தனை கேட்டீங்க?"

கணவருக்குச் சளிப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன்.

தலைவியிடம் போய், இதை எப்படியாவது நிறுத்த முடியுமா மேடம் என்றேன். "அது உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல" என்றார். "போய்ச் சேருங்க. இல்லாட்டி மூணாவது சுத்துல திரும்பப் பதிஞ்சு பாருங்க. அதுல என்ன மிச்சமிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

வீட்டுக்குப் போய், சேரப் போவதில்லை என்றேன். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். "கெடைச்சதை வுட்டுப்போட்டு கெடைக்காததுக்கு நிக்கறயா?"

"ஏனுங்க, அவ சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்றார் அம்மா.

"ரெண்டு வருசமாக் கேட்டுட்டுத்தான் இருக்கறேன்."

அதில் பொய்யில்லை. நானும் வாதாடவில்லை. அன்றிலிருந்து அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது சுற்று வரைக்கும் மஞ்சூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராக இருந்தேன். அங்கே சிக்னல் கிடையாது. தினமும் வேலை முடிந்ததும் இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறி நடந்து, ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்று, புது அறிவிப்பு உண்டா என்று பார்ப்பேன். தேதியைத் தள்ளிவைத்தார்கள். மறுபடியும் தள்ளிவைத்தார்கள். குன்னூரில் என் இடத்துக்கு மதுரைப் பையன் ஒருவர் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டபோது வயிறு எரிந்தது. பாவம், அவர் என்ன செய்வார்? ஒரே ஒரு அம்மா கேட்ட ஒரு கேள்விக்காகவா எம்.டி.யை விட்டேன் என்று சில நாள் என்மேலேயே ஆத்திரம் வரும். மறுநாள் காலையில் பத்துப் பேரைப் பார்த்து முடிப்பதற்குள் அது அடங்கும். சாயங்காலம் வளைவில் ஏறும்போது திரும்பத் தொற்றிக்கொள்ளும்.

மூன்றாவது சுற்றுப் பட்டியலில் ஃபேமிலி மெடிசின் தவிர வேறெதையும் போடவில்லை. கூடலூருக்கு அப்பால் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கிடைத்தது.

சேரப் போன அன்று அப்பா லீவு போட்டிருந்தார். கேட்காமலேயே மெத்தைச் சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஸ்டல் அறையில் மெத்தையை விரித்துப் போட்டுவிட்டு, குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்.

"பேதாலஜின்னா நோயாளி தொல்லையே இல்லையாமா. எதிர்ஊட்டுக்காரர் சொன்னாரு. நிம்மதியா இருந்திருக்கலாம்."

"ஆமாங்கப்பா. இருந்திருக்கலாம்."

"செரி" என்றார். "எடுத்தாச்சு. மூணு வருசத்துக்கு வேற எதையும் டிக் பண்ணாதே."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பஸ் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஓ.பி.யில் முதலில் வந்த பாட்டி பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார். வலி எங்கே என்பது மட்டும் புரிந்தது, எத்தனை நாளாக என்பது புரியவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.