பர்மா மிஷனுக்கு இரண்டு விண்ணப்பம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் கன்னியர் மடத்தில் சாப்பாட்டு நேரத்தில் யாரும் கதைக்கக் கூடாது. ஒருத்தி மட்டும் சுவரோரத்தில் உயரமான ஸ்டூலில் இருந்து சத்தமாக வாசிப்பாள். மற்றவர்கள் சாப்பிட்டபடி கேட்பார்கள். துறவற வார்த்தைப்பாடு கொடுத்த முதல் வருஷத்திலேயே அந்த வேலை எனக்கு வந்தது. நான் வெள்ளவத்தையில் ஒரு கிளாக்கரின் மகள், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள், குரல் தெளிவானது. வேறு காரணம் இல்லை.

பெரும்பாலும் புனிதர்களின் சரித்திரம்தான் வாசிப்போம். எங்கள் சபைக்குப் பர்மாவில் ஒரு மிஷன் இருந்தது; மாதம் ஒருமுறை அங்கிருந்து கடிதம் வரும். அது வந்த நாளில் புனிதர்கள் ஓய்வெடுப்பார்கள். ஆற்றங்கரையில் மூங்கிலால் கட்டிய பள்ளிக்கூடம், படகில் ஒன்றரை நாள் வந்து மருந்து கேட்கும் பெண்கள், மழைக்காலத்தில் பீடத்துக்கு மேல் குடை பிடித்துப் பூசை காண்பது. இதையெல்லாம் வாசித்து வாசித்து எனக்குப் பர்மா பைத்தியம் பிடித்துவிட்டது. காலையில் பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போதுகூட என் மனம் அந்த ஆற்றங்கரையில்தான் இருந்தது. வேதம் பரப்பும் ஆசை என்று அப்போது அதற்குப் பேர் வைத்திருந்தேன். ஊரை விட்டுப் போகும் ஆசையும் அதில் பாதி இருந்தது என்று இப்போது சொல்லலாம்.

என்னோடு ஒரே நாளில் மடத்தில் சேர்ந்தவள் ஒருத்தி இருந்தாள். முகத்துவாரத்து மீன்பிடிக் குடும்பம். தகப்பன் கடலோடு போனவர். தாய் கருவாடு போட்டு விற்று மகளை வளர்த்தா. அவளுக்குத் தமிழும் சிங்களமும் ஒரே ஓட்டமாக வரும். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மடத்து டிஸ்பென்சரியில் அவளுக்கு வேலை. சீழ் பிடித்த காலைக் கண்டால் நான் முகத்தைத் திருப்புவேன். அவள் கிட்டப் போய் மணந்து பார்த்து, இன்னும் எத்தனை நாளில் ஆறும் என்று சொல்வாள்.

அவளை என் தோழி என்று எழுதலாம். ஆனால் மடத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. தனிச் சிநேகம் கூடாது, எல்லாரிடமும் ஒரே அளவு அன்பாக இருக்க வேண்டும் என்பது விதி. வெளியே போனால் இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பதும் விதி. வியாழக்கிழமை பின்னேரங்களில் முகத்துவாரத்து வரிசை வீடுகளுக்கு நோயாளிகளைப் பார்க்கப் போகும் பட்டியலில் மடத்துத் தலைவியான மதர் எங்கள் இருவரையும் சோடி சேர்த்திருந்தார். முதல் விதி அடைத்த கதவை இரண்டாவது விதி திறந்து வைத்தது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்க மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கடிதம் வந்தது. பர்மா மிஷனுக்கு இலங்கையிலிருந்து ஒருத்தி தேவை, விருப்பமுள்ளவர்கள் ஐரோப்பாவில் உள்ள தாய் மடத்துக்கு விண்ணப்பம் எழுதலாம் என்று. அதையும் நான்தான் வாசித்தேன். வாசித்த அன்றே எழுதவும் தொடங்கினேன். நாலு பக்கம். எரியும் இதயம், இருளில் இருக்கும் ஆன்மாக்கள் என்றெல்லாம் எழுதினதாக ஞாபகம்.

அடுத்த நாள் தையல் அறையில் அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"எனக்கும் ஒண்டு எழுதித் தா."

"நீயும் போகப் போறியா? ஏன்?"

"இங்க மருந்து கட்ட ஆஸ்பத்திரி இருக்கு. அங்க படகில வரோணுமாம். நீதானே வாசிச்சாய்."

"சரி, சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் குறித்துக்கொண்டேன். காயத்துக்கு மருந்து கட்டுவேன். தாயோடு போய்ப் பிள்ளைப்பேறு பார்த்த பழக்கம் உண்டு. நாற்பது பேருக்குச் சோறாக்குவேன். படகில் தலை சுற்றாது. பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அம்மா தனிய இருக்கிறா. நான் ஒரே பிள்ளை. அதையும் எழுது. அவங்க அதையும் பார்த்து முடிவெடுக்கட்டும்" என்றாள்.

இங்கிலீஷில் எழுதும்போது அம்மாவைப் பற்றிய அந்தக் கடைசி வரிகளை நான் விட்டுவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. என் தகப்பனார் அக்கம்பக்கத்தாருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர். பாதகமான சங்கதியை அவர் ஒருபோதும் எழுதமாட்டார். விண்ணப்பம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவள் கீழே கையெழுத்து வைத்தாள். அரைப் பக்கம்கூட வரவில்லை. என்னுடையதோடு வைத்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகவும் இருந்தது.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மதர் எங்களை ஒன்றுகூட்டி வாசித்தார். அவர் அயர்லாந்துப் பெண்மணி. செபங்களைத் தவிர வேறு தமிழ் தெரியாது. தெரிவானவள் அவள். வழக்கப்படி அவள் நடுவில் முழங்காலில் நிற்க, நாங்கள் ஒவ்வொருத்தராகப் போய் அணைத்தோம். என் முறை வந்தபோது அவள் என் காதில் சொன்னாள்:

"அம்மாவைப் பற்றித் தெரிஞ்சும் கூப்பிட்டிருக்கிறாங்க. அப்ப இது கடவுளுடைய சித்தந்தான்."

நான் கன்னத்தில் கன்னம் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

அன்றிலிருந்து ஐந்து கிழமை, விட்டுவிட்ட வரிகளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் பொறாமையில் சொல்கிறேன் என்று எல்லாரும் நினைப்பார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. எனக்குப் பொறாமை இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் வட்டமாக இருந்து, ஒவ்வொருத்தியும் முழங்காலில் நின்று தன் குற்றங்களைச் சொல்ல வேண்டும். கதவைச் சத்தமாகச் சாத்தினேன், மணி அடித்த பிறகும் வேலையை விடவில்லை, இப்படி. அந்த ஐந்து வெள்ளியும் நான் சொன்னவற்றில் ஒரு பீங்கான் கோப்பை உடைத்ததும் படிக்கட்டில் சிரித்ததும் இருந்தன. மற்றது இல்லை. தினமும் அரைமணி நேரம் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் வேலையும் எனக்கே தரப்பட்டது. அவள் விறுவிறு என்று படித்தாள்.

ஒரு வியாழக்கிழமை முகத்துவாரத்தில் அவளுடைய வீட்டுத் தெருவால் போக நேர்ந்தது. சொந்த வீட்டுக்குள் போக எங்களுக்கு அனுமதி இல்லை. அவளுடைய தாய் கூடையோடு தெருவோரத்தில் நின்றா. மகளைக் கண்டதும் கையை உயர்த்தினா, அவ்வளவுதான். நாங்கள் கடந்து போனோம்.

"அம்மா என்ன சொன்னா, பர்மாவுக்கு?" என்று கேட்டேன்.

"இன்னும் சொல்லேல்லை. கப்பல் திகதி வரட்டும். இப்பவே சொல்லி ஏன் அழ வைக்கோணும்?"

மடத்துக்குத் திரும்பியதும் நேரே மதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவளுடைய இடம் உனக்கு வேண்டும் என்பதால் இதைச் சொல்கிறாயா?"

"தெரியாது, மதர்."

"நல்லது. அவளிடமும் இதையே போய்ச் சொல். 'தெரியாது' என்பதையும் சேர்த்துச் சொல்."

அடுத்த நாள் துணி துவைக்கும் இடத்தில் அவளும் நானும் ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றோம். அப்போது சொன்னேன். அவள் முறுக்குவதை நிறுத்தவில்லை. தண்ணீர் முழுதும் வடிந்த பிறகு விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள், மூலைகளை இழுத்துச் சரிசெய்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அது நான் சொன்ன சொல். அதை வெட்ட நீ ஆர்?"

"நல்லதுக்கெண்டு நினைச்சன்."

"ஆருக்கு நல்லதுக்கு?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு மூன்று கிழமை என்னோடு தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. மௌனம் விதியாக இருந்த வீட்டில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. செபத்தில் அவள் குரல் என் குரலோடு சேர்ந்தே வந்தது. இங்கிலீஷ் பாடத்தில் நான் கேட்டால் புத்தகத்தில் உள்ள பதிலைச் சொன்னாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மதர் விதியைத் தளர்த்தினார். தாயிடம் போய் நேரில் கேட்டு வரட்டும், பிறகு அவளே முடிவு செய்யட்டும் என்றார். ஒருத்தி தனியே வெளியே போகக் கூடாது. ஆகவே கூடப் போனது நான்.

தாய் முற்றத்தில் பாயில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தா. எங்களைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு, எனக்கு ஒரு கதிரை, மகளுக்கு ஒரு பலகை போட்டா. கடித்துக்கொள்ளச் சீனியைக் கையில் தந்து, பால் விடாத வெறுந்தேத்தண்ணி ஊற்றித் தந்தா. மகள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். தாய் பாயில் இருந்த காகத்தை ஒருமுறை விரட்டிவிட்டு வந்து கேட்டா:

"எவ்வளவு தூரம், மகள்?"

"கப்பல்ல அஞ்சாறு நாள்."

"திரும்பி வருவியா?"

"அனுப்பினா வருவன்."

தாய் பாயில் ஒரு கருவாட்டைத் திருப்பி வைத்தா.

"நீ மடத்துக்குப் போகக்க நான் மறிக்கேல்லை. மடத்து மணி காத்துக்கு இங்க கேக்கும், அது போதுமெண்டு விட்டன். இதுக்குப் போகாதே எண்டுதான் சொல்லுவன். கேக்காமப் போயிருந்தா அழுதுபோட்டு இருந்திருப்பன். கேட்டபடியாச் சொல்லுறன்." பிறகு என் பக்கம் திரும்பி, "கோவிக்காதேங்க சிஸ்டர்" என்றா.

"சரி, அம்மா" என்றாள் மகள்.

அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த கண்ணீர் இரண்டு பக்கத்திலும் வரவில்லை. ஒரு பொட்டலம் நெத்தலிக் கருவாடு மடத்துக்கென்று தந்தா. தெருவுக்கு வந்ததும், மூன்று கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு தானாகப் பேசினாள்.

"பஸ்ஸில ஏறுவமா, நடப்பமா?"

"நடப்பம்."

மதர் தாய் மடத்துக்கு எழுதினார். அந்த இடம் வடக்கில் இருந்த எங்கள் இன்னொரு மடத்தின் சிஸ்டர் ஒருத்திக்குப் போனது. எனக்கு அல்ல. அந்தச் செய்தி வந்த அன்றுதான், உள்ளுக்குள் நான் இன்னும் காத்திருந்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அதை அந்த வெள்ளிக்கிழமை முழங்காலில் நின்று சொன்னேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. விதிப்படி கேட்கவும் கூடாது.

அவளை எல்லாரும் உடனே மன்னித்துவிடவில்லை. பொழுதுபோக்கு நேரத்தில் ஒரு மூத்த சிஸ்டர், அவள் கேட்கும்படியாகவே, "மிஷன் ஆர்வம் இல்லாத பிள்ளை, இனி என்ன செய்யிறது" என்றார். அவள் பலாக்கொட்டை தோல் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்து, சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் குசினியில் கொடுத்துவிட்டு, டிஸ்பென்சரியைத் திறக்கப் போனாள். வெளியே அன்று பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

எங்களுக்குப் பதிலாகப் போன சிஸ்டரை நாங்கள் இருவரும் ஒருமுறைதான் கண்டோம். கப்பல் ஏற வந்தவர் எங்கள் மடத்தில் இரண்டு நாள் தங்கினார். உயரமானவர், கூச்ச சுபாவம். என் தோழி பர்மாவுக்கென்று தனக்குத் தைத்து வைத்திருந்த வெள்ளை உடுப்புகளை அவருக்கு அளவு மாற்றிக் கொடுத்தாள். கீழ்க்கரையை அவிழ்த்து நீளமாக்க வேண்டியிருந்தது.

பிறகு யுத்தம் வந்தது. பர்மா ஜப்பான்காரரிடம் விழுந்தது. கொழும்பிலும் குண்டு விழுந்து கொட்டாஞ்சேனையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்த மாதங்களில் எங்களுக்குக் கடிதமே வரவில்லை. வந்தபோது அது இந்தியாவிலிருந்து வந்தது. பர்மா மடத்துச் சிஸ்டர்மார் மலைவழியாக நடந்தே வெளியேறியிருந்தார்கள். வழியில் இரண்டு பேர் காய்ச்சலில் இறந்துபோனார்கள். அதில் ஒருவர் அந்த உயரமான சிஸ்டர்.

சாப்பாட்டு நேரத்தில் அதை நான் வாசித்தேன். என் தோழி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வாசித்து முடியும்வரை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிஸ்பென்சரிக்குப் பின்னால் பஞ்சுத்துணி அவிக்கும் அடுப்படியில் அவளைக் கண்டேன். "அம்மா அண்டைக்குப் போகாதே எண்டு சொன்னபடியாத்தானே நீ…" என்று தொடங்கினேன்.

"அம்மா சொன்னது சரிதான்" என்றாள். "அந்த சிஸ்டர் போனதும் சரிதான். ரெண்டையும் ஒண்டாச் சேர்த்துக் கதைக்காதே."

ஒவ்வொரு வருஷமும் அந்த சிஸ்டரின் இறந்த நாளில், மதரிடம் அனுமதி கேட்டு, பூசைக்குப் பீடத்தில் பூ வைத்தாள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. பூ வாங்கக் கூடப் போனதால் தெரியும்.

யுத்தம் முடியும் சமயத்தில் அவளுடைய தாய் படுக்கையில் விழுந்தா. அப்போதிருந்த மதர் புதியவர், ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. அவர் அவளை நாளுக்கு இரண்டு தரம் போய்வர விட்டார். நான் கூடப் போவேன். மகள் தாய்க்கு உடம்பு துடைத்துவிடுவாள்; நான் கதிரையில் இருந்து செபமாலை சொல்லுவேன். கடைசி நாளும் அப்படியே போனது. மத்தியானம், வெயில் நேரம். அடக்கத்துக்குப் பிறகு அவள் அழுதாள். நன்றாக, சத்தமாக அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். தனிச் சிநேகம் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றம் வந்தது. நான் கேட்கவில்லை. மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் புதிதாகத் தொடங்கிய பள்ளிக்கூடம். மருதானை ஸ்டேஷனுக்கு அவளும் இன்னொரு சிஸ்டரும் வந்து ஏற்றிவிட்டார்கள். ரயில் பெட்டியின் ஜன்னலால் ஒரு போத்தல் இருமல் மருந்தை நீட்டி, "குளிர் இடம். காலில சப்பாத்து போடு" என்றாள்.

தோட்டத்தில் முதல் நாள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். நான் பேசத் தொடங்கியதும் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு சிறுமி ஏதோ கேட்க, ஆம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி நான் "ஓம்" என்றேன். செபம் சொல்கிறேன் என்று நினைத்து அவள் கைகூப்பினாள். ஒரு மாதத்தில் நானும் "ஆமாங்க" சொல்லப் பழகிக்கொண்டேன்.