பம்பரம் பூட்டிய பட்டியல்

எங்கள் அலுவலகத்தில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள், ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கணவர். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். புரோகிராம் எழுதுவது அவள் வேலை. அதில் ஓட்டை கண்டுபிடிப்பது என் வேலை. குறை சொல்லத்தான் எனக்குச் சம்பளம் என்பதால் என் வாய் கொஞ்சம் நீளம்.

டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிப் போகும் வேன்களுக்கு எங்கள் புரோகிராம்தான் வழி சொல்லும். ஏற வேண்டிய ஆட்கள் தினமும் மாறுவார்கள், பட்டியலும் தினமும் புதிதாக வரும். காலை ஆறு மணிக்கு ஓட்டுநர் போனைத் திறந்தால், யாரை முதலில் ஏற்றுவது, யாரைக் கடைசியில் ஏற்றுவது என்று வரிசை வரும். அதை அவர் மாற்றக் கூடாது.

அந்த மாதம் நான்கு நாள் இரண்டாம் எண் வேனின் வரிசை தலைகீழாகிப் போனது. முதலில் ஏற வேண்டிய ஒரு டீச்சரம்மா ஒன்றரை மணி நேரம் வாசலில் காத்திருந்து மயங்கி விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். "போன்ல அப்படித்தான் சார் வந்துச்சு" என்று ஓட்டுநர் அழாத குறையாகச் சொன்னார். மேனேஜர் திறந்து பார்த்தபோதெல்லாம் வரிசை நேராக இருந்தது. ஓட்டுநர் மூன்று வருடம் முன்பு குடியை விட்டவர். அப்புறம் கேட்கவா வேண்டும், ஆளாளுக்கு ஒரு கதை கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு விசாரணை, அன்றே வேலையும் போய்விடும் என்று பேச்சு.

அந்த வெள்ளிக்கிழமை காலை பம்பரம் என் மேசைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அந்த மனுஷன் பொய் சொல்லலடி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு தடவையும் அச்சு அசலா தலைகீழ். குடிச்சவன் இவ்வளவு ஒழுங்காவா தப்பு பண்ணுவான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

ஒரு வேனுக்கு வரிசைப் பட்டியல் ஒன்றே ஒன்றுதான். காலைப் பக்கம், மாலைப் பக்கம், அறிக்கை என்று எல்லாமே அதைத்தான் எடுக்கும். ஆறு பேர் கை வைத்த புரோகிராம் அது. நடுவில் யாரோ அதைக் கலைக்கிறார்கள், யாரென்று ஒவ்வொரு வரியாகத் தேடினால் அடுத்த வாரம் ஆகிவிடும். பம்பரம் நின்றபடியே சாப்பிட்டாள், என் தேநீரைத் தட்டிவிட்டாள், நகத்தைக் கடித்துத் துப்பினாள். ஒரு இடத்தில் நில்லேன் என்று கத்தியே விட்டேன்.

"யாருமே தொட முடியாதபடி பூட்டிடறேன். எவன் தொடுறானோ அவன் தானா மாட்டுவான்" என்றாள்.

டியூப்பிள் என்று ஒரு வகைப் பட்டியல் உண்டு. ஒருதடவை செய்துவிட்டால் அதில் சேர்க்கவோ, நீக்கவோ, இடம் மாற்றவோ முடியாது. வேறு வரிசை வேண்டுமென்றால் புதிதாக ஒன்று செய்துகொள்ள வேண்டியதுதான். மீறிக் கை வைத்தால் புரோகிராம் அந்த இடத்திலேயே நின்று, எந்த வரி என்று காட்டிக்கொடுக்கும். பட்டியலை அப்படி மாற்றிவிட்டு ஒவ்வொரு பக்கமாகத் திறந்தோம். மாலைப் பக்கத்தில் சிவப்பெழுத்து வந்தது. வீட்டில் கொண்டுவிடும்போது கடைசியில் ஏறியவர் முதலில் இறங்குவார் என்பதால், மாலைக்கு வரிசையைத் திருப்ப வேண்டும். நகல் எடுத்துத் திருப்பாமல் மூலத்தையே திருப்பியிருந்தது ஒரு வரி. யார் எழுதியது என்று பார்த்தோம். இரண்டு வருடம் முன்பு அவளேதான் எழுதியிருந்தாள்.

"அப்போ இந்த மாசம் மட்டும் ஏன் வந்துச்சு? காலையில ஆறு மணிக்கு முன்னாடி மாலைப் பக்கத்தை எவன் திறக்கப் போறான்?" என்றேன்.

அவள் கடித்துக்கொண்டிருந்த நகத்தை வாயிலிருந்து எடுத்தாள்.

"நான்தான்."

இந்த மாதம்தான் வீட்டிலிருந்தே பார்க்க அவளுக்கு அனுமதி கிடைத்திருந்தது. மனசு கேட்காத நாட்களில் ஐந்தரைக்கு எழுந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று, அதிக ஆட்கள் ஏறும் இரண்டாம் எண் வேனின் மாலைப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். திறந்ததும் பட்டியல் திரும்பியிருக்கிறது. புகார் வந்ததும் மேனேஜரும் மாலைப் பக்கத்தைத் திறந்துவிட்டுத்தான் காலைப் பக்கத்துக்குப் போவார். அது மறுபடி திரும்பி நேராகிவிடும்.

"சும்மா பார்த்தேன்டி. வெறுமனே பார்க்கத்தானே செஞ்சேன்."

நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "சிஸ்டம் கோளாறுன்னு சொல்லு. அவரும் தப்பிச்சிடுவார், நீயும் தப்பிச்சிடுவே" என்றேன். அவள் அதற்குள் பாதி வராந்தாவைத் தாண்டியிருந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

நான்கு மணி விசாரணைக்காக மேனேஜர் அறையில் ஓட்டுநர் இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள், ஐந்தரை மணி உட்பட. மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே விசாரணைத் தாளைக் கிழித்தார். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார்.

வெளியே வந்ததும், "மன்னிச்சிடுங்கண்ணா. என்னை நல்லா நாலு வார்த்தை திட்டிடுங்க" என்றாள்.

அவர் திட்டவில்லை. போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார். "என் சம்சாரம். பதினேழு நாளா வீட்டுக்குள்ள வந்ததும் என் வாயை மோந்து பாக்குறா. நான் சொன்னா நம்பமாட்டா. நீங்களே சொல்லுங்கம்மா."

அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். "அவர் மேல தப்பே இல்லைங்க. எல்லாம் என்னால வந்தது" என்று முடித்தாள்.

பிறகு அந்தம்மா குரல் கேட்டது. "காலையில கோபத்துல டப்பா கட்டிக் குடுக்கலைங்க. சாப்பிட்டாரான்னு கேளுங்க."

அவர் சாப்பிட்டிருக்கவில்லை.