என் செயினுக்குக் கடலையெண்ணெய்

இன்று காலை பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகும் வழியில் சைக்கிள் செயின் அறுந்து நடுரோட்டில் விழுந்தது. தீப்பெட்டி லோடு ஏற்றிய மாட்டுவண்டிகள் எனக்காக நின்றன. செயினை இணைக்கும் லாக்கைத் தேடினேன், கிடைக்கவில்லை.

நேற்று சைக்கிளை இரவல் வாங்கி, இருக்கன்குடி கோயிலுக்குப் போனவர் எதிர்வீட்டு எண்ணெய்க்கடைக்காரர். பதில் மரியாதையாகச் செயினைக் கழற்றித் துடைத்து, கடையிலிருந்து கடலையெண்ணெய் ஊற்றி மாட்டிக் கொடுத்தார். அதில் புழுதி பசைபோல ஒட்டியிருக்கிறது.

அதே லாக்கை மூன்று வருடமாகக் கழற்றி மாட்டியவன் நான். மண்ணெண்ணெயில் கழுவி, லாக்கின் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்குப் பின்பக்கம் பார்க்க மாட்டினால் கழலவே கழலாது.

சாயங்காலம் அவர் கடைக்குப் போய், லாக்கை எந்தப் பக்கம் பார்க்க மாட்டினீர்கள் என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம் மாட்டுனா என்ன சார்? பழசையே எம்புட்டு நாளைக்குப் போடுவீக?"

வெள்ளிக்கிழமை மறுபடி சைக்கிள் வேண்டுமாம். அதற்குள் புது லாக் போட்டு வைக்கச் சொல்கிறார்.

என்ன பதில் சொல்லலாம், நீங்களே சொல்லுங்கள்.