தண்ணீரில் இறங்கிய சிவப்பு

என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். தட்டில் இருந்த தண்ணீருக்கு அடியில் ஒரு சிவப்புப் பூ இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது இல்லை. காகிதம் இருந்தது, தண்டு இருந்தது, இலை ஓரத்து முள் ஒன்று விடாமல் இருந்தது. பூ மட்டும் போயே போய்விட்டது.

"அக்கா, எடுங்க! எடுங்கக்கா!" என்று கத்தினேன்.

அக்கா பேயறைந்த மாதிரி நின்றார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் நான்தான் அடியில் விரித்திருந்த வலைத்துணியின் மூலைகளைப் பிடித்து அந்தத் தாளைத் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் பாதித் தண்ணீர் என் சட்டையில்.

அவரைத் தெரிந்தால்தான் இந்த அதிர்ச்சி புரியும். செடிகொடிகளின் பழைய ஓவியங்களைச் சேர்த்து வைத்திருக்கும் காப்பகம் எங்களுடையது. அதன் பின்பக்க அறையில் இரண்டு மேஜை. ஒன்றில் அக்கா பழைய படத்தாள்களைக் கழுவுவார். இன்னொன்றில் நான் அவற்றை ஒவ்வொன்றாக அட்டையில் வைத்துத் தைப்பேன். காகிதத்தைத் தண்ணீரில் போடுவதா என்று வாயைப் பிளக்காதவர்கள் குறைவு. தாராளமாகப் போடலாம். அந்தக் காலத்துத் தாள் துணிக் கந்தலில் செய்தது, அழுக்கை விட்டுவிட்டுச் சமர்த்தாகக் காய்ந்துகொள்ளும். போடுகிற ஆள் யார் என்பதுதான் விஷயம்.

எல்லோருக்கும் அவர் தண்ணியக்கா. வேலைக்கு வந்தது தரை துடைக்க. அப்போது கழுவிக்கொண்டிருந்த ஆள் ஈரத்தாளை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாராம். "விடுங்க சார், அது என்ன கைக்குட்டையா?" என்று இவர் பிடுங்கிக்கொண்டாராம். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை, இருபத்தாறு வருடம் ஆகிறது. கதையைச் சொன்னது அவரே என்பதால் பாதிதான் நம்பலாம். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் கையில் ஒரு தாள் கிழிந்ததில்லை, ஒரு நிறம் கசிந்ததில்லை. அதற்கு நானே சாட்சி. ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. அந்தப் பெயரோடு வெளியே போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை, அதை அவர் மறைத்ததும் இல்லை.

அவருடைய வீட்டுக்காரர் எண்ணெய் ஆட்டுபவர். ஆட்டுவதில் முக்கால்வாசி குசும்பா விதை. ஆகவே அக்காவுக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் குசும்பா எண்ணெய்தான். சமையலுக்கு அது, வெடித்த கைக்கு அது. எங்கள் அறைக்கதவு கிறீச்சிட்டபோது கீலுக்கும் அதையே விட்டார். இரண்டு மாதத்தில் எண்ணெய் பசையாகக் காய்ந்து கதவைத் திறக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. "திருடன் வரமாட்டான்ல?" என்றார், கொஞ்சமும் அசராமல்.

அந்தக் குசும்பாச் செடியின் ஓவியம்தான் அன்று தட்டில் இருந்தது. மூட்டை மூட்டையாக விதையைப் பார்த்தவர், பூவை அதுவரை பார்த்ததே இல்லை. படம் மேஜைக்கு வந்தபோது, "நமக்குச் சோறு போடற செடி இவ்வளவு முள்ளா இருக்கே, தம்பி" என்று இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மனிதர் மயிரிழை மயிரிழையாக இதழ் போட்டு, உச்சியில் அடர்சிவப்பும் அடியில் இளஞ்சிவப்புமாக அப்படி வரைந்திருந்தார். பத்து நாளில் தொடங்க இருந்த கண்காட்சிக்கு அதுதான் முகப்புப் படம். அழைப்பிதழில்கூட அச்சாகிவிட்டது. இதற்கு இன்னொரு பிரதி எங்கும் கிடையாது.

அக்கா சோதிக்காமல் எதையும் தண்ணீரில் விடமாட்டார். ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஊசிமுனை அளவு தண்ணீர் வைப்பார், மை ஒற்றும் தாளால் ஒற்றுவார், தாளில் நிறம் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். அன்றும் வைத்தார், ஒற்றினார், என்னிடமும் காட்டினார். சிவப்பு துளிகூட ஒட்டவில்லை. அதற்குப் பிறகுதான் தட்டில் இறக்கினார்.

பிறகு எப்படி?

"யாரு என்ன கலந்தீங்க தண்ணில?" என்று அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார். குரலே அவருடையதாக இல்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எப்பவும் கலக்குறதுதான்! சுண்ணாம்புத் தண்ணி! நாலு வருஷமா காலையில வந்து நான்தான கலக்குறேன்?"

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. நான்கு வருடத்துக்கு முன்புவரை நாங்கள் வெறும் தண்ணீரில்தான் கழுவினோம். அமிலம் ஏறிப் புளித்துப்போன பழைய தாள் பொடியாமல் இருக்கச் சுண்ணாம்புத் தெளிவு நல்லது என்று மேலதிகாரி உத்தரவு போட்டதும் தட்டில் இருந்த தண்ணீர் மாறியது. சோதிக்கிற தண்ணீர் மாறவில்லை. குழாயில் பிடித்த அதே கிண்ணம், அதே ஊசி. அது அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஊரையே குறை சொல்லும் எனக்கும் தோன்றவில்லை.

அக்கா தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"என்னங்க, இந்தக் குசும்பாப் பூவுல சாயம் எடுப்பாங்களா?"

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "எடுப்பாங்களே. மூட்டை கொண்டாற ஆளு சொல்லுவான். பச்சத் தண்ணில அலசுனா மஞ்சள்தான் போகும், சிவப்பு அசையாது. சாம்பல் தண்ணி, சோடாத் தண்ணி, அந்த மாதிரி காரத் தண்ணில போட்டா மொத்தமும் இறங்கிடும். அப்புறம் எலுமிச்சை பிழிஞ்சா சிவப்பா திரும்பி வரும். ஏன், புடவைக்குச் சாயம் போடப் போறியா?"

"சுண்ணாம்பும் காரம்தான்" என்று அக்கா போனை வைத்துவிட்டார். நல்லவேளை, தட்டுத் தண்ணீரைக் கொட்டியிருக்கவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டார். லேசான தேநீர் நிறத்தில் இருந்தது. என் சாப்பாட்டுப் பையிலிருந்த எலுமிச்சைத் துண்டைக் கேட்காமலே எடுத்துப் பிழிந்தார். டம்ளர் கண்ணெதிரே ரோஜா நிறமானது. கொஞ்ச நேரத்தில் பொடிப்பொடியாகச் சிவப்பு அடியில் படிந்தது.

அந்த ஓவியர் குசும்பாப் பூவைக் குசும்பாப் பூவின் சாயத்தாலேயே வரைந்திருக்கிறார். இத்தனை காலம் யாருக்கும் தெரியாத விஷயம். அது எங்களுக்குத் தெரிந்தது, அதைத் தொலைத்த பிறகு.

மேலதிகாரி வந்தார். தாளைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. பூ இருந்த இடத்தில் பென்சில் கோடுகள் மட்டும், இதழ் இதழாக. ஆனால் அந்த மனிதர் சீக்கிரம் தேறிவிட்டார், அதுதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி.

"போட்டோ இருக்கு. நிறம் தீட்டுறவரைக் கூப்பிடலாம், அரை நாள்ல முடிச்சுடுவாரு. யாருக்கும் தெரியப் போறதில்ல. நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

"சரிங்க சார்" என்றது நான்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்தில் மாலையோடு போக வேண்டியவர் அக்கா. இருபத்தாறு வருடப் பெயரை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைப்பதா?

அக்கா எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கழுவுற தண்ணி எப்பவும் பழுப்பாத்தான் வரும்" என்றார்.

"அது தாளோட அழுக்கும்மா."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். நாலு வருஷமா பத்துப் பத்துத் தாளா போட்டு, மேல துணிய மூடிட்டுப் போயிடுவேன். திரும்பி வந்து பழுப்பைப் பாத்தா சந்தோஷமா இருக்கும். எவ்வளவு அழுக்கு போயிருக்கு பாருன்னு தம்பிய கூப்பிட்டுக் காட்டுவேன். இன்னிக்கு ஒண்ணை மட்டும் போட்டு நின்னு பாத்ததால தெரிஞ்சுது. இதே ஆள் வரைஞ்ச படம் எத்தனை போட்டேன்?"

அதிகாரி குறுக்கிட்டார். "அதையெல்லாம் கிளறாதீங்க. ஒண்ணோட போகட்டும்."

"பழைய பட்டியல் எங்க இருக்கு தம்பி?"

நான் எழுந்தேன். அதிகாரி என் பெயரைச் சொல்லி அதட்டினார். காதில் விழாதது போல அலமாரிக்குப் போனேன். நூறு வருடத்துக்கு முன்பு எவரோ உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலும் என்ன செடி, என்ன நிறம் என்று கையால் எழுதிய பட்டியல் அது. கழுவும் முன் படங்களைப் போட்டோ எடுக்கும் வழக்கம் போன வருடம்தான் வந்தது. அதற்கு முன்பு கழுவியவை எப்படி இருந்தன என்பதற்கு அந்தப் பட்டியல் ஒன்றுதான் சாட்சி.

முதல் டிராயரைத் திறந்தேன். அக்கா பட்டியலைப் படித்தார். "பதினேழு. கொடி. பூ ரோஜாச் சிவப்பு."

பதினேழாம் தாளை எடுத்தேன். இலை பச்சையாக இருந்தது. பூ வெள்ளை. இந்தத் தாளைத் தைத்தவன் நான். தைத்தபோது, என்ன அடக்கமான நிறம், வரைந்தவர் ரசிகர்தான் என்று மெச்சியவனும் நான்தான்.

"இருபத்து மூணு. புதர்ச்செடி. மொட்டு சிவப்பு."

வெள்ளை.

"இருபத்தாறு..."

நான் தாளை எடுத்துக் காட்டினேன். அதுவும் வெள்ளை. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா மேஜை மேலிருந்த வேலைப் பதிவேட்டை இழுத்து, முதல் வரியில் தன் பெயரை எழுதினார், கீழே பதினேழு, இருபத்து மூன்று, இருபத்தாறு, ஒவ்வொன்றுக்கும் எதிரே "நான் கழுவியது" என்று எழுதினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தாளில் விழாமல் தலையைத் திருப்பிக்கொண்டு எழுதினார்.

"சுண்ணாம்பு கலந்தது நான்னு போடுங்கக்கா" என்றேன்.

போட்டார். பிறகு பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அடுத்த டிராயரைத் திறங்க, தம்பி."