திட்டுத் திட்டாய் நீலம்

சாயத்துக்கும் எனக்கும் அந்த மாதம் முழுக்க ஏழாம் பொருத்தம். துணியில் படம் செய்வது என்றால் பொழுதுபோகாத கைவேலை என்று நினைக்கிறார்கள். உட்கார்ந்து செய்து பார்த்தால் தெரியும்.

செம்பூரில் ஒரு சின்னக் கண்காட்சிக் கூடத்தில் எனக்கென்று ஒரு சுவர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தே காலம் ஓட்டுகிறவளுக்கு முதல்முறையாக ஒரு சுவர்! பருத்தி, ரேயான், லினன் என்று கலந்த துண்டுகளை வெளிர்நீலத்திலிருந்து கருநீலம் வரை சாயமேற்றி, நூலையும் அதே நீலத்தில் தோய்த்துத் தைத்து, ஒரு கடலையே தொங்கவிடுவதாகத் திட்டம். மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் வராவிட்டால் சுவர் வேறொருவருக்கு என்று கூடத்தை நடத்தும் பெண்மணி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

காலையில் துண்டுகளைச் சலவை சோடா கரைத்த வாளியில் ஊறப்போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். நூல் சிக்கிக்கொள்ளும் என்று அதை மட்டும் அடுப்பு மேடையில் ஒரு கிண்ணத்தில் வைப்பேன். மாலையில் வந்து இரண்டையும் பிழிந்து ஒரே சாயத்தில் போடுவேன். நூல் கண்ணைப் பறிக்கிற நீலமாக வரும். துணி மட்டும் தேமல் விழுந்த முதுகு மாதிரி திட்டுத் திட்டாய் வரும்.

சாயப்பொடி பழசோ என்று தாதரில் புதிதாக வாங்கினேன். உப்பைக் கூட்டினேன். குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் தாராவிக்கே போய், தையல் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுகளை விற்கும் அம்மாளிடம், சாயம் ஏறாத பாலியெஸ்டரைப் பருத்தி என்று தலையில் கட்டிவிட்டாயே என்று சண்டை பிடித்தேன். பாலியெஸ்டர் என்றால் நெருப்பில் உருகும், உருகட்டும், அப்புறம் இருக்கிறது என்று அவள் வாசலிலேயே ஒரு துண்டைக் கொளுத்தினேன். உருகவில்லை. காகிதம் போல எரிந்து சாம்பலாய் உதிர்ந்தது.

"இப்ப என்ன சொல்லுதீய?" என்றாள்.

சொல்ல என்ன இருக்கிறது, இன்னொரு மூட்டை வாங்கிக்கொண்டு மாட்டுங்காவுக்குத் திரும்பினேன்.

வியாழக்கிழமை அடைமழை. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் குளியலறையில் என் கணவர் வாளி முன்னால் குந்தியிருக்கிறார். ஓய்வு பெற்றதிலிருந்து சமையல் அவர் பொறுப்பு. சர்க்கரை இருப்பதால் சோற்றை வடித்துத்தான் சாப்பிடுவார். வடித்த கஞ்சி அவருடைய வேட்டி சட்டைக்குப் போகும். அன்று ஆவி பறக்கிற கஞ்சி என் வாளிக்குள் போய்க்கொண்டிருந்தது. குச்சியால் பதமாகக் கிண்டி வேறு விடுகிறார்.

தண்ணீர் பாலாய்க் கலங்கியிருப்பதைப் பார்த்து, மில்லில் போட்ட பசை கரைகிறது என்று தினமும் சந்தோஷமாகப் பிழிந்தவள் நான். சாயம் துணிக்குப் போகாமல் கஞ்சியைப் பிடித்துக்கொண்டு, அலசும்போது அதோடு சேர்ந்தே ஓடியிருக்கிறது.

"ஏன்னா, எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"நீ ஆரம்பிச்ச அன்னிலேருந்து. செவுத்துல தொங்கப்போறதுன்னு சொன்னியே. கஞ்சி இல்லாட்டா துவண்டுண்டுன்னா தொங்கும்? உனக்கு எங்க நேரம்? அதான் பால்டியிலயே போட்டுட்டேன்."

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கீழ்வீட்டுக்காரர்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் பீன்ஸ் நறுக்கப் போய்விட்டார். மிச்சத் துண்டுகளைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து, கஞ்சியை எடுத்து, மறுபடி சாயமேற்றினேன். அப்பழுக்கில்லாத நீலம் வந்தது. ஆனால் அந்த மழையில் எங்கே காயும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை வீடு முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு தையல்கூடப் போட முடியவில்லை. போன் செய்து, சுவரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். வைத்ததும் அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை.

சனிக்கிழமை, வா, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர்தான் கூப்பிட்டார். வீம்புக்குப் போனேன். என் சுவரில் வேறொருத்தியின் சிவப்புத் துணி. பொறாமையோடுதான் பார்த்தேன், சாயத்தில் ஒரு திட்டுக்கூட இல்லை. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் அதன்முன் நின்றார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"பாத்தியோ, துவண்டு தொங்கறது. கஞ்சி போடலை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணி நிஜமாகவே துவண்டுதான் தொங்கியது.