ஒருவரும் சாகாத நாவல்

அந்த வருடம் நான் வாசித்த ஆங்கில நாவல்களில் பெண்களை விரும்பிய பெண்களும் ஆண்களை விரும்பிய ஆண்களும் தாராளமாக வந்தார்கள். வந்த வேகத்திலேயே செத்தும் போனார்கள். ஒருத்தி கிணற்றில் விழுந்தாள். இன்னொருத்தி ஓடும் ரயிலிலிருந்து குதித்தாள். அவளுடைய தோழி கன்னியாஸ்திரியாகப் போனாள். எழுத்தாளர் அதை நல்ல முடிவு என்று நினைத்திருக்க வேண்டும். ஓர் இளைஞன் ஒரேயொரு மழையில் நனைந்து, நிமோனியா கண்டு, நண்பனின் கையைப் பிடித்தபடி மூன்று பக்கம் பேசிவிட்டுக் கண்ணை மூடினான். நான் ஆஸ்பத்திரித் தாதி. நிமோனியா முற்றிய ஒருவர் மூன்று சொல்லைச் சேர்த்துப் பேசி நான் கண்டதில்லை.

வெள்ளைக்காரன் துறைமுகத் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிய பிறகு, அவன் பாவித்த கதிரை, கட்டில், கோப்பை எல்லாம் திருகோணமலைக்குள் விலைக்கு வந்தன. புத்தகங்களுக்குத்தான் ஆளில்லை. நாங்கள் நானா என்று கூப்பிடும் கிண்ணியா வியாபாரி ஒருவர் அவற்றைப் பெட்டி பெட்டியாக வாங்கி, சீனியும் பருப்பும் சுற்றிக் கொடுக்கும் கடைகளுக்கு நிறுத்து விற்றார். நான் குந்தியிருந்து பெட்டிகளைக் கிளறுவதைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"தங்கச்சி, இதுக்குள்ள படமொண்டும் இல்ல. நான் பாத்திட்டன்."

"படம் வேண்டாம் நானா. கதை இருந்தாச் சரி."

"கதை வேணுமெண்டா வள்ளம் கட்டுற ஜெட்டிக்குப் போங்க. ஊர்க் கதை முழுக்க அங்க சும்மா கிடைக்கும்."

அந்த ஊர்க் கதைக்குள் நாங்கள் இருவரும் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நான் ஜெட்டிப் பக்கமே போவதில்லை. நாங்கள் இருவர் என்பது நானும், கன்னியர் பாடசாலையில் தையல் படிப்பித்த என் தோழியும். ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறைகளில் வாடகைக்கு இருந்தோம். தோழி என்றே எழுதுகிறேன். எங்களைப் போன்றவர்களுக்குத் தமிழில் இருந்த மற்றச் சொற்களை ஆட்கள் சண்டையில்தான் எடுப்பார்கள்.

அவளுக்கு ஆங்கிலம் ஓடாது. பின்னேரங்களில் அவள் மிசினில் தைத்துக்கொண்டிருக்க, நான் வாசித்ததைத் தமிழில் சொல்வேன்.

"இவளும் சாகப்போறாளோ?" என்று முதல் அத்தியாயத்திலேயே கேட்பாள்.

"தெரியாது. இப்பதான் கோப்பி குடிக்கிறாள்."

"சந்தோசமாக் குடிக்கிறாளோ?"

"ஓம்."

"அப்ப முடிஞ்சுது."

ரயிலில் இருந்து குதித்தவளின் கதையைச் சொன்ன அன்று அவள் பகிடி விடவில்லை. மிசினை நிறுத்தினாள்.

"எனக்கு இனி இந்தக் கதையள் வேண்டாம். நாங்கள் அப்பிடி என்ன செய்தனாங்கள், ஆராரோ இருந்து எங்களைக் கொல்லிறதுக்கு?"

நான் புத்தகத்தை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

அடுத்த முறை வியாபாரியிடம் போனபோது முதலில் கடைசிப் பக்கத்தை வாசித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். மெல்லிய புத்தகம். இரண்டு பெண்கள் கடலோரம் ஒரு பழைய வீட்டை வாங்குகிறார்கள். கூரை ஒழுகுகிறது. வாத்து வளர்க்கிறார்கள், அதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள். ஒருத்தி ஏணியின் உச்சியில் நின்று, "நீயில்லாமல் என்னால் இருக்க ஏலாது" என்கிறாள். நெட்டையான மற்றவள் கீழே நின்று, முதலில் அந்தக் கூரை ஓடுகளைப் போடு என்கிறாள். கடைசியில் கூரை சரிவருகிறது. ஒருவரும் சாகவில்லை, வாத்துக்கூட. இதில் ஒன்றுமே நடக்கவில்லை என்று விமர்சகர்கள் சொல்லக்கூடும். அந்த வருடத்தின் மிகச் சிறந்த நாவல் அதுதான். என் தோழி அதை இரண்டு முறை சொல்ல வைத்தாள். ஏணிக் கட்டத்தை அதற்கு மேலும்.

எங்கள் வீட்டுக்கார மாமி தபாலதிபர் ஒருவரின் விதவை. ஆங்கிலம் படித்தவர், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவர். எங்களில் யாராவது ஒருத்திக்கு மாதாமாதம் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவருவதை ஊழியமாகவே செய்துவந்தார். அப்படி ஒரு கிளாக்கரின் குணநலன்களைச் சொல்ல வந்த இடத்தில், மிசின் மேல் கிடந்த வாத்துப் புத்தகத்தைக் கண்டார்.

"இங்கிலீசுக் கதையோ? நான் வாசிச்சுக் கனகாலம் பிள்ளை" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அட்டையில் இரண்டு பெண்கள் கையைக் கோத்தபடி நின்றார்கள். தாங்கோ என்று பறிக்கவா முடியும்?

அந்தக் கிழமை முழுக்க என் தோழி சரியாகச் சாப்பிடவில்லை. உடுப்பைப் பெட்டியில் அடுக்கினாள்.

"வீட்டை விட்டு எழுப்பி விட்டால் எங்க போறது?"

"வாத்து வளப்பம்" என்றேன்.

"உமக்கு எல்லாம் விளையாட்டு" என்றாள். நான் என் சீலைகளையும் அதே பெட்டிக்குள் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமி சேர்ச்சுச் சீலையோடேயே வந்து கதிரையில் இருந்தார். தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்தார்.

"நல்ல புத்தகம். கூரை விசயத்தில அந்த நெட்டைச்சி சொன்னதுதான் சரி."

"ஓம் மாமி."

"ரெண்டு பேரும் நல்ல ஒற்றுமை."

"ஓம் மாமி."

"அதுக்குள்ள ஒரு பக்கத்து வீட்டுக்காரி மாப்பிள்ளை கொண்டு கொண்டு வாறாள். சரியான அலட்டல்காரி."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாமி கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

"இப்பிடி வேற இருந்தாத் தாங்கோ. ஆக்கள் சாகாததாப் பாத்து. என்ர மனுசன் போனதே எனக்குப் போதும்."

வியாபாரியின் பெட்டிகள் எல்லாவற்றையும் கிளறினேன். அப்படி இன்னொன்று கிடைக்கவில்லை. மாமிக்குத் துப்பறியும் நாவல்களைக் கொடுத்துச் சமாளித்தேன். அதில் சாகிறவர்கள் ஒழுங்காக நஞ்சு குடித்துச் சாகிறார்கள், எனக்கும் குறை சொல்ல இடமில்லை. மாப்பிள்ளைமாரின் வரத்து நின்றுபோனது. உடுப்பு திரும்ப அலுமாரிக்கு ஏறியது.

மாமிக்கு விளங்கியதா இல்லையா என்பதில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. விளங்கியது என்பது என் கட்சி. "விளங்கியிருந்தால் சேர்ச் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்து செபம் பண்ணியிருப்பா" என்பாள் அவள். மனிசியிடமே கேட்டுவிட்டால் என்ன என்று ஒருநாள் சொன்னேன். ஊசியைப் பல்லில் கடித்தபடியே தலையாட்டினாள், வேண்டாமென்று.